சூயஸ் வழியே குடிபோன நண்டுகள்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் சூயஸ் கால்வாயைப் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, "கப்பல் மட்டுமா போனது, செங்கடல் நண்டும் சிப்பியும்கூட அந்த வழியாக மத்தியதரைக் கடலுக்குப் போய்விட்டன" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒற்றை வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. சினிமா, அரசியல் கேள்விகளை எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்த முறை முழுக்கக் கடல்தான்.

நண்டாவது நீந்தும். சிப்பி எப்படி ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்குப் போகும்? பொருந்துகிற மாதிரி எழுதுங்கள்!
*வாசகி, நாகப்பட்டினம்*

கோபம் புரிகிறது. வளர்ந்த சிப்பி எங்கேயும் போகாது, ஒட்டிய இடத்திலேயே ஆயுள் முடியும். போவது அதன் பிள்ளைகள். சிப்பி, நண்டு, இறால், கடல் முள்ளெலி (உருண்டை உடம்பு முழுக்க முள் உள்ள கடல் உயிர்) என்று முதுகெலும்பு இல்லாத கடல் உயிர்களில் பெரும்பாலானவை முட்டையிலிருந்து வந்ததும் சில நாளோ சில வாரமோ லார்வாவாகத் தண்ணீரில் மிதந்து திரிகின்றன. ஆழி (பாறையில் ஒட்டி வாழும் மட்டி வகை), சிப்பி வகைகளின் லார்வாவை நுண்ணோக்கியில் பார்த்தால் மணல் துகளைவிடச் சின்னதாக, ஆனால் அதற்குள்ளேயே இரண்டு ஓடும் முளைத்து, ஓரம் முழுக்க மெல்லிய மயிர்கள் படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும். நீரோட்டம் இழுத்துப் போகிற இடத்துக்கெல்லாம் போகும். நேரம் வந்ததும் கீழே இறங்கி, நாக்கு மாதிரி ஒரு பாதத்தை நீட்டித் தரையைத் தடவிப் பார்க்கும், பிடித்திருந்தால் ஒட்டிக்கொள்ளும். அந்தத் தரை பாறையாக இருக்கலாம், கால்வாயின் கரையாக இருக்கலாம், கப்பலின் அடிப்பாகமாகவும் இருக்கலாம்.

சூயஸ் கால்வாய் 1869 நவம்பர் 17 அன்று திறந்தது. அதில் மதகு கிடையாது, பூட்டு (தண்ணீரை ஏற்றி இறக்கிக் கப்பலை மேலும் கீழும் கொண்டுபோகும் கதவுத் தொட்டி) கிடையாது, கடல்மட்டத்திலேயே வெட்டிய நேர் வாய்க்கால். ஆனாலும் திறந்த மறுநாளே எல்லாம் கிளம்பிவிடவில்லை. நடுவில் கசப்பு ஏரிகள் என்று இரண்டு இருக்கின்றன, அவற்றின் அடியில் பல மீட்டர் தடிமனுக்கு உப்புப் பாறை படிந்து கிடந்தது. தண்ணீர் உள்ளே வந்ததும் உப்பு கரைந்து, கடலைவிடப் பல மடங்கு கரிப்பாகிவிட்டது. பல உயிர்களுக்கு அது கடக்க முடியாத வேலி. வருடக்கணக்காகத் தண்ணீர் போய் வந்து அந்த உப்பு கரையக் கரைய, வேலியும் கரைந்தது. அப்புறம் ஒரு தலைமுறை கால்வாய்க்குள் ஒட்டும், அதன் குஞ்சுகள் இன்னும் கொஞ்சம் வடக்கே ஒட்டும், இப்படி வாசல் வாசலாகத்தான் பயணம்.

இதில் ஒரு ஆள் மட்டும் படுவேகம். செங்கடலின் முத்துச்சிப்பி ஒன்று 1874-லேயே, அதாவது கால்வாய் திறந்து ஐந்தே வருடத்தில், எகிப்தின் மத்தியதரைக் கரையில் இருந்திருக்கிறது. நம் தூத்துக்குடி முத்துச்சிப்பிக்கு அது மிக நெருங்கிய உறவு.

செங்கடலிலிருந்து அங்கே போகிறதே, அங்கிருந்து ஏன் இந்தப் பக்கம் வரவில்லை?
*வாசகர், கோயம்புத்தூர்*

வந்தவை சில உண்டு. ஆனால் கணக்கில் எடுத்துக்கொள்ளவே முடியாத அளவு குறைவு. வருடத்தில் பெரும்பாலான மாதங்கள் கால்வாயில் தண்ணீர் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது, கோடையின் கடைசியில் கொஞ்ச காலம்தான் திரும்பும். இது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், கரிப்பான நீர், வெப்பம், பவளப்பாறை நெரிசல் என்று கடும் போட்டியில் வளர்ந்தவை செங்கடல் உயிர்கள். மத்தியதரைக் கடலின் கிழக்கு மூலையோ உணவுச்சத்து குறைந்த, ஆள் அரவம் குறைந்த கடல். அங்கே வெப்பக்கடல் உயிர்களுக்கு ஏற்ற இடமெல்லாம் காலியாகக் கிடந்தது. காரணம் பழைய கதை: மத்தியதரைக் கடலுக்கு உயிர்கள் வந்து சேர்ந்தது பெரும்பாலும் அட்லாண்டிக் வழியாக, ஜிப்ரால்டர் வாசலில். அந்தக் குளிர்க்கடல்காரர்களுக்கு லெபனான், சிரியா பக்கத்து வெந்நீர் எப்போதுமே கொஞ்சம் ஒத்துக்கொள்ளாத இடம்தான்.

பனாமா கால்வாயிலும் இப்படி நடக்கவில்லையா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். அங்கே நடுவில் காட்டூன் ஏரி இருக்கிறது. நன்னீர் ஏரி. கப்பல் பூட்டு ஏறி அதில் நுழைந்து, மறுபக்கம் பூட்டு இறங்கிப் போகிறது. கடல் லார்வா நன்னீரில் விழுந்தால் பெரும்பாலும் செத்துப்போகும். 1914-லிருந்து அந்த ஏரி யாரும் கேட்காமலே காவல் பார்க்கிறது.

இதெல்லாம் புவி வெப்பமாவதால்தானே? கால்வாய் மேல் ஏன் பழி?
*வாசகர், தஞ்சாவூர்*

இரண்டையும் கலந்து பேசுவதுதான் இந்த விஷயத்தில் எல்லாரும் செய்கிற தப்பு. வழி திறப்பது வேறு, வந்த இடத்தில் பிழைப்பது வேறு. வழியைத் திறந்தது கால்வாய். வந்தவற்றை நிலைக்க வைப்பது, அங்கிருந்து மேற்கே கிரேக்கம், இத்தாலி என்று நகர வைப்பது, சூடாகும் தண்ணீர்.

அதிலும் கோடை வெப்பத்தைவிட முக்கியம் குளிர்காலம். வெப்பக்கடல் உயிர் ஒன்று புது இடத்தில் கோடை முழுக்க ஜாலியாக இருக்கும், தை மாசி மாதத்துக் குளிரில் கூண்டோடு போய்விடும். மறுவருடம் திரும்பவும் முதலிலிருந்து. குளிர்காலக் கடல் ஒரு டிகிரி, ஒன்றரை டிகிரி சூடானால் போதும், பெற்றோர் உயிரோடு அடுத்த கோடையைப் பார்க்கும், முட்டை போடும். அதற்கப்புறம் அதை அசைக்க முடியாது.

நைல் நதியையும் விட்டுவிடக்கூடாது. ஒவ்வொரு வருடமும் வெள்ளக் காலத்தில் நைல் கொட்டிய நன்னீர் எகிப்தின் கரையோரம் ஒரு திரை மாதிரி நிற்கும். அஸ்வான் உயர் அணைக்கான வேலை 1960-இல் தொடங்கியது, அறுபதுகளின் நடுவிலேயே வெள்ளம் கடலுக்குப் போவது நின்றுபோனது. திரையும் போனது. கால்வாயும் சும்மா இருக்கவில்லை. எட்டு மீட்டர் ஆழத்தில் ஆரம்பித்தது இப்போது 24 மீட்டர், 2015-இல் பக்கத்தில் இன்னொரு தடமும் வெட்டிவிட்டார்கள்.

இப்போது உங்கள் கேள்வியின் நியாயமான பாதிக்கு வருகிறேன். இஸ்ரேல் கரையோரம் சிப்பி, சங்கு வகைகளை வைத்து ஒரு ஆய்வு 2021-இல் வந்தது. முன்பு என்னென்ன வாழ்ந்தன என்பதை அடிமண்ணில் புதைந்த ஓடுகளைக் கொண்டு கணக்கெடுத்தார்கள், இப்போது உயிரோடு இருப்பவற்றோடு ஒப்பிட்டார்கள். ஆழம் குறைந்த மணல் பகுதியில் பழைய உள்ளூர் வகைகளில் மிஞ்சியது 12 சதவீதம். பாறைப் பகுதியில் வெறும் 5 சதவீதம். மிஞ்சியவற்றிலும் பல, குஞ்சு பொரிக்கும் அளவுக்கு வளர்வதே இல்லை. ஆனால் குளிர்ந்த, ஆழமான பகுதியில் உள்ளூர் வகைகள் இன்னும் ஓரளவு நன்றாகவே இருக்கின்றன. வந்தேறிகள் விரட்டிவிட்டன என்று சொல்வது சுலபம். இந்தக் கணக்கைப் பார்த்தால், வீட்டுக்காரர் சூடு தாங்காமல் ஏற்கெனவே காலி செய்துகொண்டிருந்த இடத்தில்தான் பல செங்கடல் குடித்தனக்காரர்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது.

மொத்தம் எத்தனை வகை வந்திருக்கும்?
*வாசகர், திண்டுக்கல்*

மத்தியதரைக் கடலில் வெளியிலிருந்து வந்த உயிர் வகைகள், பாசி, மீன் எல்லாம் சேர்த்து, ஏறத்தாழ ஆயிரம். அதில் பெரும்பங்கு சூயஸ் வழி. மிச்சம் கப்பல், மீன் பண்ணை, தொட்டி மீன் வியாபாரம்.

நண்டும் இறாலும் கூடுதலாக வந்தால் மீனவனுக்கு லாபம்தானே? இதில் அழ என்ன இருக்கிறது?
*வாசகர், தூத்துக்குடி*

உங்கள் ஊர்க்காரர் இப்படித்தான் கேட்பார்! பாதி சரி. நம் பாக் நீரிணையில் விசைப்படகின் இழுவலையில் விழுகிறதே வரி இறால், அதே வகை ஒன்று செங்கடலிலிருந்து போய் இன்று துருக்கி, இஸ்ரேல், எகிப்து சந்தைகளில் நல்ல விலைக்கு விற்கிறது. கூடவே இன்னும் சில இறால் வகைகள். ஆனால் இஸ்ரேல் கரையில் 1950-களில் மீனவர்கள் நம்பியிருந்த உள்ளூர் இறால் ஒன்று இருந்தது, அது இன்று அங்கே கண்ணில் படுவதே அரிது. லாபம் என்று எழுதும்போது இந்த நஷ்டத்தையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

நண்டின் கதை இன்னும் சுவாரசியம். நம் நீலக்கால் நண்டின் ஒன்றுவிட்ட சகோதரன் ஒருவன், பாரசீக வளைகுடா, செங்கடல் பக்கத்துக்காரன். எகிப்தின் வடகரையில் 1898-லேயே அவனைப் பார்த்துவிட்டார்கள். நூறு வருடத்துக்கு மேல் கிழக்கு மூலையிலேயே கிடந்தவன், 2014-இல் துனிசியாவின் காபெஸ் வளைகுடாவில் திடீரென்று கும்பலாக முளைத்தான். சின்னப் படகில் செவுள் வலை போடும் மீனவர்களை நினைத்துப் பாருங்கள். விடியற்காலையில் வலையை இழுத்தால் மீனுக்குப் பதில் நண்டு. சும்மா மாட்டிய நண்டா, கொடுக்கால் கண்ணி கண்ணியாக அறுத்து, வலைக்குள் கிடந்த மீனையும் பாதி தின்று வைத்திருக்கும். ஒரு நண்டைச் சிக்கெடுத்து எடுப்பதற்குள் கையில் இரண்டு கடி. சில வாரத்தில் வலையே கந்தல். அந்த ஊரில் அதைச் சாப்பிட்டுப் பழக்கமும் இல்லை, வாங்க ஆளும் இல்லை. வெறுத்துப்போன மீனவர்கள் அதற்கு "தாயிஷ்" என்று பெயர் வைத்தார்கள். அப்போது சிரியா, ஈராக்கை ஆட்டிப் படைத்த ஐ.எஸ். அமைப்பை அரபியில் அப்படித்தான் சொல்வார்கள்.

அப்புறம் அரசு தலையிட்டது, வலைக்குப் பதில் கூண்டு வைத்துப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள், பதப்படுத்தும் ஆலைகள் வந்தன, ஆசிய நாடுகளுக்கு உறையவைத்த நண்டு ஏற்றுமதி ஆரம்பித்தது. இன்று துனிசியாவில் அதை நம்பிப் பிழைக்கிறவர்கள் நிறையப் பேர். இதைத்தான் எல்லாரும் வெற்றிக் கதையாக எழுதுகிறார்கள். எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஒரு உயிரைப் பிடித்து ஒழிக்கலாம் என்று ஆலை கட்டினால், ஆலை ஓட அந்த உயிர் வருடா வருடம் வேண்டுமே? நண்டு குறைந்தால் முதலில் கவலைப்படப்போவது யார்? "தின்றே தீர்ப்போம்" என்பது வயிற்றுக்கு நல்லது, ஒழிப்புத் திட்டமாக அது எடுபடும் என்று நான் நம்பவில்லை.

இத்தாலியின் போ நதி முகத்துவாரத்தில் 2023-இல் மட்டி வளர்ப்பவர்களை அழவைத்த நீல நண்டு வேறு. அது அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையைச் சேர்ந்தது, சூயஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இரண்டையும் குழப்பி எழுதும் செய்திகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன.

ஜெல்லி மீனும் இந்தப் பட்டியலில் உண்டா?
*வாசகி, திருவொற்றியூர்*

உண்டு, முதல் வரிசையில். நம் கடற்கரையில் சொறி என்கிறார்களே, அந்த இனம். வெளிர்நீலக் குடை, நன்றாக வளர்ந்தால் பல கிலோ எடை. கிழக்கு மத்தியதரைக் கடலில் 1970-களின் கடைசியில் தலைகாட்டியது. 1990-இல்தான் அதற்கு முறையாக அறிவியல் பெயரே வைத்தார்கள், அதுவும் குடிபோன இடத்தில் பிடித்ததை வைத்து. பிறந்த வீட்டில் அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவே இல்லை, புகுந்த வீட்டில்தான் பேரும் புகழும்!

கோடையில் கிலோமீட்டர் கணக்கில் கூட்டமாக வரும். குளிக்கிறவர்களுக்குக் கொட்டு, மீனவர்களுக்கு வலை முழுக்கக் கூழ். இஸ்ரேலில் கடல்நீரை இழுத்துக் குளிர்விக்கும் மின்நிலையங்களின் வாயில் போய் அடைத்துக்கொண்டு, 2011-இல் ஹடேராவில் டன் கணக்கில் அள்ளிக் கொட்டினார்கள். கடல்நீரை நன்னீராக்கும் ஆலைகளுக்கும் இதே பயம் இருக்கிறது.

நான் இருப்பது ஆஸ்திரேலியாவில். இங்கே கால்வாய் எதுவும் இல்லையே, இங்கேயும் இப்படி நடக்குமா?
*வாசகர், சிட்னி*

உங்கள் ஊர்க் கரையிலிருந்தே ஒன்று கிளம்பிப் போயிருக்கிறது. நியூ சவுத் வேல்ஸ் பாறைகளில் வாழும் நீள முள் கடல் முள்ளெலி. அதன் லார்வா வளர 12 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். தெற்கே டாஸ்மேனியாவில் குளிர்காலக் கடல் அதற்குக் கீழே இருந்ததால் நெடுங்காலம் எட்டிப் பார்க்கவில்லை. கிழக்கு ஆஸ்திரேலிய நீரோட்டம் வலுத்து வெந்நீரைத் தெற்கே தள்ளத் தள்ள, அந்தக் கோடு தாண்டிவிட்டது. 1978-இல் முதல் முள்ளெலி டாஸ்மேனியாவில் தென்பட்டது.

அங்கே கடலுக்கடியில் கெல்ப் என்ற பெரும்பாசிக் காடுகள் உண்டு. முள்ளெலிக் கூட்டம் மேய்ந்த இடத்தில் காடு போய் வெறும் பாறைதான் மிஞ்சுகிறது, காட்டை நம்பிய சிங்கி இறாலும் அபலோன் சங்கும் கூடவே போகின்றன. அங்கே முள்ளெலியை உடைத்துத் தின்னக்கூடிய முக்கியமான ஆள் பெரிய சிங்கி இறால். அதைத்தான் நாம் ஏற்கெனவே பிடித்துப் பிடித்துச் சின்னதாக்கி வைத்திருக்கிறோமே. இப்போது முக்குளிப்பவர்களுக்கு அரசே மானியம் கொடுத்து முள்ளெலியை எடுக்கச் சொல்கிறது. அதன் சினையை உண்பவர்களுக்கு ஏற்றுமதியும் ஆகிறது.

எண்ணூர்ப் பக்கம் காக்கா ஆழி என்கிறார்களே, அதுவும் சூயஸ் வழி வந்ததா?
*வாசகர், மீஞ்சூர்*

இல்லை. அது தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்கா கரைகளைச் சேர்ந்த ஆழி. பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து என்று சுற்றி, கேரளத்தின் காயல்களில் பரவி, எண்ணூர், பழவேற்காடு வரை நிற்கிறது. இந்த மாதிரி உயிர்கள் வழக்கமாக வருவது கப்பல் வழியாக. சரக்கு இல்லாமல் வரும் கப்பல் ஆடாமல் இருக்க ஒரு துறைமுகத்தில் தண்ணீரை ஏற்றி இன்னொரு துறைமுகத்தில் கொட்டும், அதில் லார்வா சவாரி. கப்பலின் அடியில் ஒட்டியும் வரலாம்.

கொசஸ்தலை ஆற்றின் அடியில் அது பாய் விரித்த மாதிரி நெருக்கமாக ஒட்டிக்கொள்கிறது. இறால் சேற்றில் புதைய இடமில்லை, மஞ்சள் மட்டிக்கு மூச்சுவிட வழியில்லை. இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்களுக்குக் கையும் காலும் கிழிகிறது. படகு வைத்திருப்பவர் வேறு இடம் பார்த்துப் போய்விடலாம், கைப்பிடி இறாலை நம்பியவர் எங்கே போவார்? கப்பல்கள் இந்தத் தண்ணீரைச் சுத்தப்படுத்தித்தான் கொட்ட வேண்டும் என்ற சர்வதேச ஒப்பந்தம் 2004-இல் எழுதப்பட்டு 2017 செப்டம்பரில்தான் அமலுக்கு வந்தது. பதின்மூன்று வருடம் என்பது ஒரு ஆழிக்கு எத்தனை தலைமுறை என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மன்னார் வளைகுடாவில் கறுப்பு முள்ளெலி உண்டு. அதுவும் மத்தியதரைக் கடலுக்குப் போய்விட்டதா?
*வாசகி, ராமநாதபுரம்*

அதே வகை போயிருக்கிறது. 2006-இல் துருக்கியின் காஷ் கரையில் முதலில் பார்த்தார்கள், பிறகு கிரேக்கத் தீவுகளில் பெருகியது. 2022-இல் அதற்கு ஒரு கொள்ளைநோய் வந்தது. முதலில் முட்கள் ஆடுவது நிற்கும், அப்புறம் கொத்துக் கொத்தாக உதிரும், ஓரிரு நாளில் சதை கரைந்து வெள்ளை ஓடு மட்டும் தரையில் உருளும். காரணம் ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. வந்தேறி ஒழிந்தது என்று சந்தோஷப்பட நேரமே கொடுக்கவில்லை, அடுத்த வருடமே அந்த நோய் செங்கடலுக்கு வந்துவிட்டது. அங்கே அந்த முள்ளெலிதான் பாசியை மேய்ந்து பவளப்பாறைக்கு இடம் ஒதுக்கிக் கொடுப்பது. இந்தியப் பெருங்கடலில் ரீயூனியன் தீவு வரை சாவு பதிவாகியிருக்கிறது. நீங்கள் கடலோரம் போகிறவர் என்றால், முள் உதிர்ந்த முள்ளெலிகள் கும்பலாகக் கிடந்தால் மண்டபத்திலுள்ள கடல் ஆராய்ச்சி மையத்துக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

பேசாமல் சூயஸை மூடிவிட்டால்?
*வாசகர், சேலம்*

2021-இல் ஒரே ஒரு கப்பல் குறுக்கே மாட்டி ஆறு நாள் அடைத்ததற்கே உலகம் என்ன பாடு பட்டது என்று பார்த்தோமே. ஆனால் கசப்பு ஏரியின் பழைய உப்பு வேலியைத் திரும்ப உண்டாக்கலாம் என்று சில விஞ்ஞானிகள் சொல்லியிருக்கிறார்கள்: கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளில் மிஞ்சும் கடும் உப்புநீரை எங்கோ கொட்டுவதற்குப் பதில் கால்வாயின் ஒரு பகுதியில் விட்டால், கப்பல் போகும், லார்வா போகாது. ஏற்கெனவே போய்ச் சேர்ந்தவற்றைத் திருப்பி அழைக்க முடியாதுதான், இனி வரிசையில் நிற்பவற்றையாவது நிறுத்தலாம். செலவை எகிப்து ஏற்க வேண்டும், பலனை கிரேக்கமும் இத்தாலியும் அனுபவிக்கும். அதனால் காகிதத்திலேயே இருக்கிறது.